பத்து டேங்க்

பதினேழாவது தடவையாக விசிறியைச் சுண்டிவிட்டான் கிளாட்வின். எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. அதோடு சரி.

எஞ்சின் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சாண் உயரப் பெட்ரோல் எஞ்சின். பொம்மை விமானத்தின் மூக்கில் மாட்டுவது. பொம்மை என்று சொன்னால் கிளாட்வினுக்குப் பொல்லாத கோபம் வரும். ஆறடி இறக்கையோடு ரிமோட்டில் பறக்கிற ஒன்றைப் பொம்மை என்று சொல்லலாமா என்று கேட்பான். அதனால் இனிமேல் நாமும் விமானம் என்றே சொல்வோம்.

எஞ்சினை மாட்டியிருந்த இடம்தான் விவகாரமானது. ராஜபாளையத்தில் அவன் வீட்டுப் பின்பக்கம், மனைவி ஷெரின் துணி துவைக்கிற கல். அதில் டிரில்லால் நாலு ஓட்டை போட்டு, பலகையை போல்ட் வைத்து இறுக்கி, பலகைமேல் எஞ்சினை உட்கார வைத்திருந்தான். எஞ்சின் எவ்வளவு ஆடினாலும் கல் அசையாது என்பது அவன் கணக்கு. ஷெரின் அசைவாள் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான்.

ஊறவைத்த துணி வாளியோடு ஷெரின் வாசப்படியில் நின்றாள். கல்லைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு, "சோக்க மூடி ரெண்டு சுத்து. பொறவு தொறந்து ஒரு சுத்து. அம்புட்டுத்தான்" என்றாள்.

ஷெரின் தேவதானத்துக்காரி. அவள் அப்பா வயலில் ஆயில் எஞ்சின் பம்புசெட் இருந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும்போதே அதைச் சுற்றிக் கிளப்பியவள்.

"இது உங்கப்பா பம்புசெட் இல்ல ஷெரினு. வெளிநாட்டுச் சாமான்" என்றான் கிளாட்வின்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் போய்விட்டாள் என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, சோக்கை மூடி இரண்டு சுற்று, திறந்து ஒரு சுற்று சுற்றினான். எஞ்சின் அலறிக்கொண்டு கிளம்பியது.

கிளாட்வின் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறு நாள் பேண்டேஜ், ஏழாம் நாள் கோயில் ஆராதனை முடிந்ததும் விமானம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய் கோடையில் வற்றிப்போகும். அந்தத் தரையில் இவனைப் போல நாலைந்து பேர் கூடிப் பறக்கவிடுவார்கள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்தோடு கூடுவார்கள்.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மானம் போனது. கடையிலிருந்து வந்த புது எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டிப் பறக்கவிட்டான். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. விமானம் நேராக ஓர் ஆட்டு மந்தைக்குள் போய் விழுந்தது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தனையும் திசைக்கு ஒன்றாகச் சிதறிவிட்டன. எண்ணிக்கை சரியாகும்வரை புருஷனும் பெண்டாட்டியும் இங்கேயிருந்து நகரக் கூடாது என்று ஆட்டுக்காரர் சொல்லிவிட்டார். கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு ஷெரின் ஆடு பத்தினாள். ஒரு குட்டியை ஊருக்குள் மடவார் வளாகம்வரை துரத்திப் பிடித்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னாள். இன்னொரு தடவை விழுந்தால் வீட்டிலிருக்கிற அத்தனை விமானத்தையும் கோயிலில் நடக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவாளாம். கிளாட்வின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் அவனும் சிரிக்கவில்லை.

விமானக் கூட்டத்தில் விவரம் தெரிந்தவன் ஸ்ரீவில்லிபுத்தூர் பெலிக்ஸ். பால்கோவா போடுகிறவன். புது எஞ்சினும் புதுச் செருப்பும் ஒன்று, பழக்காமல் தூரம் போனால் கடிக்கும் என்று அவன்தான் சொன்னான். பத்து டேங்க் பெட்ரோலை மெதுவாக, விரட்டாமல், தரையிலேயே வைத்து ஓட்டித் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆகாயம். இந்த வருஷம் வேறொரு புது எஞ்சின் வாங்கியாயிற்று. கூட்டம் வருகிற ஞாயிறு. திங்கள் முதல் சனி வரை ஆறு நாளில் பத்து டேங்க். இதுதான் கிளாட்வின் முன்னால் இருந்த வேலை.

பெட்ரோலோடு கொஞ்சம் ஆயில் கலக்க வேண்டும். புது எஞ்சின்தானே, தாராளமாக இருக்கட்டும் என்று கலக்கிவிட்டான். அதன் பலன், முதல் டேங்க் பாதி ஓடுவதற்குள் நீலப் புகை சுவரேறிக் குதித்துத் தெருவுக்குள் போனது. விசிறிக் காற்று அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. இரைச்சலையும் புகையையும் சேர்த்துக் கேட்டால், பார்த்தால், நம் ஊர்ச் சனங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும். தெருப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு புகைக்குள் ஓடின. பெண்கள் சோற்றுப்பானையை மூடினார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அடுத்த தெருவுக்கே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் அய்யம்மாளின் தலை தெரிந்தது. தெருக்குழாயில் யாருக்கு எப்போது தண்ணீர் முறை என்று தீர்மானிக்கிறவள் அய்யம்மாள்தான். அவள் முறை வைத்தால் வைத்ததுதான். கவுன்சிலர் வீட்டுக் குடம்கூட வரிசையில்தான் நிற்கும்.

கிளாட்வின் எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். இரைச்சலுக்குச் சண்டைக்கு வருகிறாள், எஞ்சினை நிறுத்தச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தான்.

"தம்பி, கொசு மருந்தா அடிக்க?" என்றாள் அய்யம்மாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"ஆமாக்கா" என்றான் கிளாட்வின். "கம்பெனியில குடுத்தாக. நம்ம தெருவுல கொசு சாஸ்தியா இருக்குல்லா."

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வீட்டுப் பின்பக்கம் பத்தொன்பது பேர். ஒருவர் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுப் படுத்திருந்தார். மூட்டைப்பூச்சிக்கும் கேட்குமா என்று பார்க்கிறாராம். ஒரு பசுமாடு கல்லுக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. ஈ தொல்லையாம். அய்யம்மாள் நடுவில் நின்று, முதலில் மாடு, பிறகு கட்டில், பிறகு சாக்கடை ஓரத்து வீட்டுக்காரர்கள் என்று முறை வைத்துக்கொண்டிருந்தாள். முறையை எழுதிக்கொள்ளும்படி ஷெரின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தாள். ஷெரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்.

எப்படியோ இரண்டாவது டேங்க் முடிந்தது. முடிந்ததும் மாட்டுக்காரர், வால் பக்கம் சரியாகப் படவில்லை, இன்னொரு தடவை போடு என்றார்.

புதன்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. மத்தியானம் நிஜமான கொசு மருந்துக்காரர்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்திருக்கிறார்கள். எங்களுக்குத் தனியாக ஆள் இருக்கிறது, நீங்கள் அடுத்த தெருவுக்குப் போங்கள் என்று சொல்லித் தெருவே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, இனி அந்தத் தெருவில் கடிக்கிற ஒவ்வொரு கொசுவுக்கும் கிளாட்வின்தான் பொறுப்பு. வேலையிலிருந்து வந்தவனைத் தெருமுனையிலேயே தங்கப்பாண்டியன் என்கிற டெய்லர் மறித்துக்கொண்டு, முழங்காலைத் தூக்கிக் காட்டினார். மூன்று தடிப்பு இருந்தது.

"என்ன மருந்துய்யா கலக்குத? நேத்து அடிச்சும் கடிச்சிருக்கு."

கிளாட்வின் குனிந்து அந்த முழங்காலைப் பார்த்தான். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று, அங்கேயே நின்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான் வரும் என்று சொன்னான். சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, மூன்றாவது டேங்கை ஊற்றப் போனபோதுதான் உறைத்தது. மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லியாயிற்று. இனி எஞ்சினைப் போட்டால் புகை வரும். புகை வந்தால் பொய் என்று தெரியும். தெருவில் குடியிருக்க முடியாது.

தானே போட்ட பூட்டுக்குள் தானே போய் உட்கார்ந்துகொண்டான் பாவம். இன்னும் எட்டு டேங்க் இருந்தது.

"மிசின சும்மா போட்டு வச்சிருக்கியேன்னு அய்யம்மாக்கா கேக்காக" என்றாள் ஷெரின்.

"ஞாயித்துக்கெழம முடியட்டும், எல்லார்ட்டயும் சொல்லிக்கிடலாம். நீ வாயத் தொறக்காத."

"நான் எதுக்குத் தொறக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பயந்து பயந்துதான் தெருவுக்குள் வந்தான். ஆனால் யாரும் மறிக்கவில்லை. தங்கப்பாண்டியன் தையல் மிஷினிலிருந்தபடியே, வாங்க சார் என்றார். மாட்டுக்காரர் சிரித்தார். அய்யம்மாள் வீட்டிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை வந்திருந்தது. நாம் சொன்ன பொய் நன்றாக வேலை செய்கிறது என்று கிளாட்வின் நினைத்துக்கொண்டான்.

வீட்டில்தான் சில்லறைக் குழப்பங்கள். ஷெரினின் ஆள்காட்டி விரலில் கட்டு. அவன் கம்பெனி பேண்டேஜ்தான். என்னவென்று கேட்டால் வெண்டைக்காய் நறுக்கும்போது வெட்டிவிட்டதாம். குழம்பு கிண்டுகிற மர அகப்பையில் ஓரமெல்லாம் கொத்துக் கொத்தாகச் செதில் பெயர்ந்திருந்தது. எலி என்றாள். வீட்டில் எலி இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பெட்ரோல் கேனைத் தூக்கிப் பார்த்தான். கனமே இல்லை. நாலு லிட்டர் கலந்து வைத்ததில் பாதிக்கு மேல் காணவில்லை.

"கேன் ஒழுகுதா ஷெரினு?"

"வெயிலு இந்த அடி அடிக்கு. ஆவியாப் போயிருக்கும்."

அவனும் ஒப்புக்கொண்டான். பெட்ரோல் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் என்று அவளுக்குக் கால் மணி நேரம் விளக்கவும் செய்தான். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"பத்து டேங்க்னா பத்தே ஓடியாகணுமா? ஒம்பதுன்னா ஆகாதா?"

"ரெண்டுலயே நிக்குது. நீ ஒம்பதப் பத்திப் பேசுத" என்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஷெரினுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு தோசை போட்டாள்.

சனிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். எஞ்சினைக் கழற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோய், பெலிக்ஸ் வீட்டில் வைத்துச் சாயங்காலத்துக்குள் எத்தனை டேங்க் முடியுமோ அத்தனையும் ஓட்டிவிடுவது என்று திட்டம். பின்பக்கம் போனால் அய்யம்மாளும் ஷெரினும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவனைக் கண்டதும் அய்யம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். எஞ்சினில் கை வைத்தவன் 'ஸ்' என்று கையை உதறினான்.

"என்ன சூடு."

"வெயிலுன்னு நேத்தே சொன்னேன்லா" என்றாள் ஷெரின்.

பெலிக்ஸின் பால்கோவா கொட்டகை மடவார் வளாகத்தில் இருந்தது. கிளாட்வின் போய்ச் சேர்ந்தபோது பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டி, கோவா திரளுகிற பக்குவத்தில் இருந்தது. பெலிக்ஸ் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, வெளியே மேஜையில் மாட்டிக்கொள், இந்த நேரத்தில் என்னால் கையை எடுக்க முடியாது என்று சொன்னான். புகை அவன் பக்கம் போய்விடக் கூடாது என்று கிளாட்வின் வெகு கவனமாக எஞ்சினின் மூக்கைத் தெருப் பக்கம் திருப்பி மாட்டினான்.

சுண்டினான். முதல் சுண்டிலேயே பிடித்துக்கொண்டது. இரைச்சல்கூடச் சீராக, பிசிறில்லாமல் இருந்தது.

உள்ளேயிருந்து பெலிக்ஸ் தலையை நீட்டினான். "ஏலே, சத்தம் நல்லா பழகுன எஞ்சின் மாதிரில்லா கேக்கு. எத்தன டேங்க் ஆச்சு?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"கைராசி" என்றான் கிளாட்வின்.

விமானத்தின் விசிறி காற்றைப் பின்பக்கம்தான் தள்ளும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயம் அல்ல. எட்டு வருஷமாகப் பறக்கவிடுகிறவன். பதற்றத்தில் மறந்துவிட்டான். மூக்கு தெருவைப் பார்த்தால், காற்றும் புகையும் நேரே கொட்டகைக்குள்தானே போகும். அடுப்பில் விறகு கொழுந்துவிட்டுச் சட்டிக்கு மேல் எழுந்தது. நாற்பது லிட்டர் பால் ஒரே மூச்சில் அடிப்பிடித்தது. மேலாகப் பெட்ரோல் புகையும் இறங்கிப் படிந்தது.

பெலிக்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டியையும் ஒரு சுரண்டியையும் கொடுத்து, சுத்தமாக்கிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டான். சட்டியைச் சுரண்டி முடிக்கும்போது பொழுது அடைந்துவிட்டது. டேங்கில் ஊற்றியதில் பாதிகூட ஓடவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளாட்வினின் கணக்கு இரண்டே கால் டேங்க். கோயிலில் பாதர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. கண்ணை மூடி, எஞ்சின் நின்றாலும் ஆடு இல்லாத பக்கமாக விழட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தான்.

கண்மாய்க்குப் போய் விமானத்தை இறக்கி வைத்தபோது இன்னொரு இடி விழுந்தது. ஒரு லோடு ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அதிலிருந்து அய்யம்மாள், தங்கப்பாண்டியன், மாட்டுக்காரர், அவர் பெண்டாட்டி, தெருப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கினார்கள்.

"இவியள யாரு வரச் சொன்னா?" என்றான் கிளாட்வின், ஷெரினின் காதருகில்.

"நான்தான். தெருச்சனம் பாக்க வேண்டாமா?"

விமானத்தின் மூக்கில் எஞ்சின் பளபளவென்று வெளியே தெரிந்தது. கொசு மருந்து மிஷின் என்று ஆறு நாளாக நம்ப வைத்த அதே எஞ்சின். துண்டைப் போட்டு மூடலாமா என்று பார்த்தான். அதற்குள் அய்யம்மாள் கிட்டே வந்து குனிந்து, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ம் என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று கிளாட்வின் மூச்சு விட்டான்.

அவன் முறை வந்தது. ரிமோட்டைக் கையில் எடுத்தான். எட்டத்தில், போன வருஷத்து ஆட்டுக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு அவசர அவசரமாகக் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினார். விழுந்தால் எல்லாம் போச்சு. எட்டு வருஷத்து விமானங்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், பூசணிக்காய்க்கும் சேவல் கோழிக்கும் நடுவில் நிற்பது அவன் கண்முன் தெரிந்தது.

ஷெரின் பக்கத்தில் வந்து நின்றாள். "பயப்படாம விடுங்க. அது நிக்காது" என்றாள். அவள் இவ்வளவு தைரியமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை.

விட்டான். விமானம் தரையில் நாற்பதடி ஓடி, லேசாக மூக்கைத் தூக்கி, எழும்பியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. நாலு, ஐந்து. ஆறாவது சுற்றில் கிளாட்வினுக்கே துணிச்சல் வந்து, விமானத்தைக் குப்புறத் திருப்பி ஒரு கரணம் அடிக்க வைத்தான். தெருப் பிள்ளைகள் கத்தினார்கள். மாட்டுக்காரர் விசிலடித்தார். பதினொரு நிமிஷம் பறந்து, பூப்போலத் தரை இறங்கி, சொல்லி வைத்த மாதிரி அவன் காலடியில் வந்து நின்றது. கிளாட்வினுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

பெலிக்ஸ், பால் போன வருத்தத்தையும் மறந்து ஓடி வந்து கட்டிப்பிடித்தான். "பத்து டேங்க் ஓடுன எஞ்சினுக்குத்தாம்லே இந்தச் சத்தம் வரும். ரெண்டு டேங்க்குல எப்பிடிலே பழக்குன?"

கிளாட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலரைச் சரிசெய்தான். சுற்றி நின்ற கூட்டத்துக்கு எல்லாம் கேட்கும்படி, எண்ணிக்கையில் என்ன இருக்கிறது, எஞ்சினைத் தொடுகிற கையில்தான் விஷயம் என்று ஆரம்பித்தான். சிலருக்கு அந்தக் கை பிறவியிலேயே அமையும், படித்தெல்லாம் வராது என்றான். பம்புசெட் சுற்றுகிற கைக்கு இந்த நுணுக்கம் பிடிபடாது என்று ஷெரினைப் பார்த்து ஒரு கண்ணையும் சிமிட்டினான். ஷெரின் கட்டுப் போட்ட விரலைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அய்யம்மாள் வேப்பமர நிழலிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டு, குழாயடியில் பேசுகிற அதே குரலில் கூப்பிட்டாள்:

"ஏட்டி ஷெரினு, நேத்து தம்பி மத்தியானமே வந்துட்டான்னு எம் முறைய மட்டும் பாதி டேங்க்குல நிப்பாட்டிட்டேல்லா, நாளைக்கி அவன் வேலைக்குப் போனதும் மொத முறை எனக்குத்தான், எஞ்சினச் சுத்த அகப்பைய நானே எங்க வீட்டுலேர்ந்து கொண்டாரேன்."